தானியேலின் பத்து நாளும் நம்முடைய மாத்திரையும்



லெந்து காலம் நெருங்கும்போது உபவாசத்தைக் குறித்து உங்களில் பலர் என்னிடம் கேட்பதுண்டு. எத்தனை நாள் இருப்பது, ஒருவேளையா இருவேளையா, தண்ணீர் அருந்தலாமா என்பவை வழக்கமான கேள்விகள். அண்மைக் காலமாக அவற்றோடு வேறொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "ஐயா, வயிற்றைக் காயப்போட்டால் சர்க்கரை நோய் போய்விடுமாமே? உபவாசத்தோடு மாத்திரையையும் நிறுத்திவிடலாமா?"

இந்தக் கேள்வியில் ஓர் உண்மை இருக்கிறது. அதை ஒட்டியே உயிருக்கு ஆபத்தான ஒரு தவறும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்காக இந்த வாரத் தியானத்தை ஒதுக்குகிறேன். நான் மருத்துவன் அல்லன். ஒன்பது ஆண்டுகளாகக் காலையும் இரவும் சர்க்கரை மாத்திரை உண்கிற ஒரு நோயாளி, உங்கள் போதகர். நோயாளியாக நான் மருத்துவரிடம் கேட்டறிந்ததையும், போதகராக வேதத்தில் கண்டதையும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் நம்மைச் சுற்றிப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டு வெளிவந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நமக்குத் தெற்கே இருக்கும் புதுச்சேரியில் வயதுவந்தோரில் 26.3 விழுக்காட்டினருக்கு இந்நோய். நால்வரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூனிமேட்டில் நம் ஆராதனைக்கு வந்து அமரும் ஒவ்வொரு வரிசையிலும் அந்த ஒருவர் இருக்கக்கூடும். இது பணக்காரர் நோய் என்ற பேச்சு எப்போதோ பழையதாகிவிட்டது. உப்பளத்தில் பாத்தி மிதிப்பவருக்கும் வருகிறது. கட்டுமரம் தள்ளுபவருக்கும் வருகிறது.

சென்ற ஆண்டு லெந்து காலத்துக்கு முன் நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி இந்தக் கேள்வியோடுதான் வந்தார். அவருடைய அனுமதியோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். வயது நாற்பத்தாறு. உப்பு வாரும் வேலை. நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை. கைப்பேசியில் யாரோ அனுப்பிய ஒரு காணொளியை எனக்குக் காட்டினார். நாற்பது நாளில் நோய் அடியோடு நீங்கும் என்று ஒருவர் அதில் உறுதி சொல்லிக்கொண்டிருந்தார். "எங்கம்மாவுக்குக் கால் எடுத்தாங்க ஐயா. அந்தப் புண்ணு உப்புத் தண்ணியில ஆறவே இல்ல. எனக்கும் அப்படி ஆகிடக் கூடாது" என்றார் அவர். அந்தச் சொற்களுக்குப் பின்னால் இருந்த பயம் எனக்குப் புரிந்தது. அந்தப் பயத்துக்குக் காணொளியைவிட நல்ல பதில் தேவைப்பட்டது.

அன்பானவர்களே, உண்மை என்னவென்று முதலில் பார்ப்போம்.

பட்டினிக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பை மருத்துவர்கள் கண்டது நேற்று அல்ல. 1870இல் ஜெர்மானியப் படைகள் பாரிஸ் நகரை முற்றுகையிட்டபோது உணவுத் தட்டுப்பாடு வந்தது. அந்நாள்களில் தம் நோயாளிகள் சிலருடைய சிறுநீரில் சர்க்கரை குறைந்ததை பூஷார்தா என்ற மருத்துவர் கவனித்தார். பின்னர் 1910களில் அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஆலன் என்பவர் பட்டினியையே சிகிச்சையாக்கினார். இன்சுலின் இல்லாத காலம் அது. இன்சுலின் சுரப்பே அற்றுப்போன பிள்ளைகளை அந்தப் பட்டினி சில மாதங்களோ சில ஆண்டுகளோ உயிரோடு நிறுத்திவைத்தது, எலும்பும் தோலுமாக. அமெரிக்க அரசியல் தலைவர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத் அவர்களில் ஒருத்தி. பதினைந்து வயதை எட்டும் வேளையில் அவள் எடை ஏறத்தாழ 20 கிலோ. 1922இல் டொரோன்டோ நகரில் இன்சுலின் கிடைத்ததால் பிழைத்தாள். 73 வயது வரை வாழ்ந்தாள். சர்க்கரை நோய் ஒன்றல்ல என்பதை இதிலிருந்து மனத்தில் நிறுத்துங்கள். பிள்ளைப் பருவத்தில் பெரும்பாலும் வருகிற முதல் வகைக்கு இன்சுலினே உயிர். அங்கே உணவைக் குறைத்து நோயைத் தணிக்கும் பேச்சுக்கே இடமில்லை. நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. இனி நான் சொல்வதெல்லாம் அதைப் பற்றியே.

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ராய் டெய்லர் ஒரு கருத்தை முன்வைத்தார். கல்லீரலிலும் கணையத்திலும் அளவுக்கு மிஞ்சிச் சேரும் கொழுப்பே இரண்டாம் வகை நோயின் வேர் என்பது அவர் கருத்து. கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலினின் சொல் கேளாமல் இரவெல்லாம் சர்க்கரையை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. கொழுப்பேறிய கணையமோ சாப்பிட்டவுடன் சுரக்க வேண்டிய இன்சுலினைச் சுரக்காமல் சோர்கிறது. அந்தக் கொழுப்பு கரைந்தால்? 2011இல் வெளியான ஆய்வில், 11 பேருக்கு எட்டு வாரம் நாளொன்றுக்கு 600 கலோரி மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். ஏழே நாளில் வெறும் வயிற்றுச் சர்க்கரையின் சராசரி ஏறத்தாழ 166இலிருந்து 106க்கு இறங்கியது. எட்டு வாரத்தில் கணையமும் மெல்ல விழித்தது.

பிறகு டெய்லரும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மைக் லீனும் சேர்ந்து ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் பெரிய ஆய்வொன்றை நடத்தினார்கள். அதன் பெயர் 'டைரெக்ட்'. ஒரு பாதிப் பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 830 கலோரி. அதன்பின் படிப்படியாக வழக்கமான உணவு. 2017 டிசம்பரில் வெளியான முதலாண்டு முடிவில், அப்படி உண்டவர்களுள் 46 விழுக்காட்டினர் மருந்தில்லாமலே சர்க்கரை நோயின் எல்லைக்குக் கீழே வந்திருந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுள் அந்த நிலையை எட்டியோர் 4 விழுக்காடு. 15 கிலோவோ அதற்கு மேலோ எடை குறைந்தவர்களில் 86 விழுக்காட்டினர் அதை எட்டினர். நம்மைப்போல் பருமனில்லாத உடலுக்கும் இது பொருந்துமா என்று கேட்பீர்கள். உடல் பருமன் இல்லாத 20 நோயாளிகளிடம் நியூகாசிலில் செய்த சிறிய ஆய்வொன்று 2023இல் வெளிவந்தது. எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தபின் 14 பேர் தணிவு கண்டனர்.

ஆகவே, "குறைவாக உண்டால் சர்க்கரை தணியுமா?" என்று கேட்டால், பலருக்குத் தணியும் என்றே பதில். இதை உங்களிடமிருந்து மறைக்க எனக்கு மனமில்லை. அந்தச் சகோதரியிடமும் மறைக்கவில்லை.

ஆனால் அந்தக் காணொளி சொல்லாமல் விட்டதையும் கேளுங்கள். 800 கலோரி என்றால் எவ்வளவு? நூறு கிராம் சோற்றில் ஏறத்தாழ 130 கலோரி. குழம்பு, மீன், தேநீர் எதுவுமின்றி நாள் முழுவதற்கும் 600 கிராம் வெறுஞ்சோறு என்றால் அதுவே 800 கலோரி ஆகிவிடும். அந்த ஆய்வில் இருந்தவர்கள் சோற்றைக் குறைத்துப் பசியோடு கிடக்கவில்லை. புரதமும் வைட்டமின்களும் அளந்து சேர்த்த சத்துப் பானங்களும் சூப்புகளும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. நோய் கண்டு ஆறு ஆண்டுக்கு உட்பட்டவர்களையே சேர்த்தார்கள். இன்சுலின் ஊசி போடுபவர்களைச் சேர்க்கவில்லை. சர்க்கரை மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் முதல் நாளே நிறுத்தினார்கள். நிறுத்தியவர்கள் மருத்துவக் குழுவினர், நோயாளிகள் அல்லர். தேவைப்பட்டால் திரும்பத் தொடங்கவும் அவர்கள் அருகிலேயே இருந்தார்கள். அப்படியும் இரண்டாம் ஆண்டில் தணிவில் நின்றவர்கள் 36 விழுக்காடு. ஐந்தாம் ஆண்டில் அந்த எண்ணிக்கை இன்னும் வெகுவாகக் குறைந்துபோயிற்று. எடை திரும்பியவர்களிடம் நோயும் திரும்பியது. அதனால்தான் மருத்துவர்கள் இதைக் குணம் என்று சொல்வதில்லை, தணிவு என்றே சொல்கிறார்கள். மருந்தை நிறுத்தி மூன்று மாதமாவது கடந்தபின்னும் மூன்று மாதச் சராசரி 6.5க்குக் கீழே இருந்தால்தான் அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறார்கள். தணிந்தவரும் ஆண்டுதோறும் கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் தானியேல் என் நினைவுக்கு வருகிறான். பாபிலோன் அரண்மனையில் ராஜ போஜனத்தை மறுத்து, பருப்பு முதலான மரக்கறியும் தண்ணீரும் கேட்ட வாலிபன். அவன் உடல் மெலிவதற்காக அதைச் செய்யவில்லை. தன்னைத் தீட்டுப்படுத்திக்கொள்ளாதிருக்கவே செய்தான். ஆயினும் உணவைக் குறித்துத் தீர்மானம் எடுக்கும் எவருக்கும் அவன் நடந்துகொண்ட முறை ஒரு பாடம். நான்கு காரியங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, அவன் அனுமதி கேட்டான். மனத்தில் தீர்மானம் உறுதியாக இருந்தும், தன் உணவுக்குப் பொறுப்பாய் இருந்தவனிடம் போய்ப் பணிவோடு கேட்டான். தட்டை இரகசியமாக ஒதுக்கி வைக்கவில்லை. நமக்கு அந்த இடத்தில் இருப்பவர் மருத்துவர். அவரிடம் சொல்லாமல் தொடங்கும் உணவுக் கட்டுப்பாடு தானியேலின் வழி அல்ல.

இரண்டு, அவன் காலவரை குறித்தான். பத்து நாள் என்றான். முடிவில்லாத பட்டினியை அவன் வேண்டவில்லை. மிகக் குறைந்த கலோரி உணவும் இப்படியே. அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. முடிந்தபின் எப்படி உண்பது என்ற திட்டமும் உண்டு. பின்னதுதான் கடினமானது.

மூன்று, அவன் தன்னைச் சோதனைக்கு ஒப்புக்கொடுத்தான். பத்து நாள் சென்றபின் எங்கள் முகத்தைப் பார்த்து முடிவு செய்யும் என்ற பொருளில் பேசினான். நம் நாளில் அந்த முகம் பார்த்தல் இரத்தப் பரிசோதனையாகும். உடம்பு இலேசாக இருக்கிறது, ஆகவே சர்க்கரை போய்விட்டது என்பது ஒரு பரிசோதனை அல்ல.

நான்கு, அவன் தனியே செய்யவில்லை. அனனியா, மீஷாவேல், அசரியா என்னும் மூவர் அவனோடு அதே பாத்திரத்தில் உண்டார்கள். வீட்டில் ஒருத்தி மட்டும் கஞ்சி குடிக்க, மற்றவர்கள் அவள் எதிரே அமர்ந்து பிரியாணி உண்டால் அந்த விரதம் எத்தனை நாள் நிற்கும்?

இனி மாத்திரையைக் குறித்து. மாத்திரையை விட்டுவிட்டு, தேவன் பார்த்துக்கொள்வார் என்று சொல்வதை விசுவாசம் என்று சிலர் எண்ணுகிறார்கள். நாற்பது நாள் உபவாசமிருந்த நம் ஆண்டவரைச் சோதனைக்காரன் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்திக் குதிக்கச் சொன்னதை நினைவுகூருங்கள். தூதர்கள் தாங்குவார்கள் என்ற வாக்கையும் அவன் கூடவே சொன்னான். ஆண்டவர் குதிக்கவில்லை. பிதாவைப் பரீட்சை பார்க்க மறுத்தார். உபவாசத்தின் முடிவில் வந்த சோதனை அது என்பதை நான் அடிக்கடி எண்ணிக்கொள்கிறேன். படியில் இறங்கக் கால் இருக்கும்போது குதிப்பது விசுவாசமாகாது. பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியன். தீமோத்தேயுவின் வயிற்று உபாதைக்குப் பவுல் ஜெபத்தோடு நிறுத்தாமல் ஒரு மருந்தையும் சொல்லியிருக்கிறார்.

நம் ஊருக்கென்று தனியே ஓர் எச்சரிக்கையும் உண்டு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் நாம் உண்டாலும் உண்ணாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்யும். அதை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு உப்பளத்தில் இறங்கினால் சர்க்கரை 70க்குக் கீழே போகலாம். வியர்வை கொட்டும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், கண் இருளும். மாசி பங்குனி வெயிலில் பாத்திக் கரையில் ஒருவர் இப்படித் தள்ளாடினால் நாம் என்ன சொல்வோம்? "வெயில் தாங்கவில்லை, நிழலில் உட்கார வையுங்கள்" என்போம். வெயிலின் அடையாளமும் தாழ்ந்த சர்க்கரையின் அடையாளமும் ஒன்றுபோலவே இருப்பதால் ஓர் உயிரை நிழலிலேயே இழந்துவிடக்கூடும். சர்க்கரை உள்ளவர் என்று தெரிந்தால், நினைவோடு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை உண்பவர்களுக்கு வேறோர் ஆபத்து. பட்டினியோடு அது சேரும்போது இரத்தத்தில் அமிலம் ஏறக்கூடும். அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலும் இருக்கலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அந்தச் சகோதரி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். காணொளியை மூடிவைத்துவிட்டு அரசு மருத்துவரைப் போய்ப் பார்த்தார். அவர் இரத்தம், சிறுநீரகம், கண், பாதம் எல்லாவற்றையும் சோதித்தபின், உப்பு வாரும் பருவத்தில் 800 கலோரி வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். வேலை நாள்களில் சோறு பாதி, அதற்கு ஈடாகப் பயறும் மீனும் கீரையும், தேநீரில் சர்க்கரை இல்லை. இவ்வளவே முதல் கட்டம். கிளிமிபிரைடு மாத்திரையை அவரே முதலில் பாதியாக்கிப் பின்னர் நிறுத்தினார். ஐப்பசியில் மழை வந்து பாத்திகள் ஓய்ந்தபின் எட்டு வாரம் கடுமையான உணவு. வாரம் ஒருமுறை பரிசோதனை. வீட்டில் கணவரும் மகளும் இரவுச் சோற்றை விட்டுவிட்டு அவரோடு சேர்ந்து காய்கறியே உண்டார்கள். கிறிஸ்துமஸ் வேளையில் 68 கிலோ 61 ஆகியிருந்தது. மூன்று மாதச் சராசரி 8.9இலிருந்து 6.8க்கு வந்திருந்தது. இன்னும் ஒரு மாத்திரை உண்டு. தணிவு என்ற சொல்லுக்கு அவர் எட்டவில்லை, எட்டாமலும் போகலாம். ஆனால் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறது, புண் இல்லை. "மாத்திரை ஒண்ணு மிச்சம் இருக்கு ஐயா, இருந்துட்டுப் போகட்டும்" என்று அவர் சொன்னபோது, அந்தக் காணொளி தராத ஒரு சமாதானம் அவர் முகத்தில் இருந்தது.

என் காரியம் வேறு. ஒன்பது ஆண்டு கடந்தவர்களுக்குப் பலன் குறைவாக இருக்கலாம், ஆனாலும் எடை குறைவது ஒருபோதும் வீணாகாது என்று என் மருத்துவர் சொன்னார். மெதுவாகக் குறைத்துக்கொண்டிருக்கிறேன். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், முதல் வகை நோயுள்ளோர், சிறுநீரகம் பழுதானோர், ஆறாத புண் உள்ளோர், ஏற்கெனவே மெலிந்துகொண்டே போகிறவர்கள், தள்ளாத முதியோர் ஆகியோர் இந்தக் கடுமையான உணவுமுறையை நாடவே வேண்டாம்.

அப்படியானால் உபவாசம் எதற்கு? உபவாசம் தேவ சமுகத்தில் நம்மைத் தாழ்த்துவதற்கு. எடை குறைப்பதற்கு அல்ல. இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும். நம் ஊரில் ரமலான் நோன்பு நோற்கும் அண்டை வீட்டாரைப் பாருங்கள். அவர்கள் மார்க்கமும் நோயாளிக்கு விலக்கு அளிக்கிறது. நோன்பிருக்க விரும்பும் சர்க்கரை நோயாளிகள் மாத்திரை வேளையை மாற்றிக்கொள்ள முன்னதாகவே மருத்துவரிடம் போக வேண்டும் என்பதும் அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. நாமும் அப்படியே செய்வோம். எலியா சூரைச்செடியின் கீழ் சோர்ந்து படுத்தபோது தூதன் அவனைத் தட்டியெழுப்பி, போக வேண்டிய தூரம் வெகுதூரம் என்பதால் இரண்டுமுறை உண்ணச் செய்தான். உண்டபின்னரே அவன் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போனான். உண்பதற்கும் ஒரு கீழ்ப்படிதல் உண்டு என்பதை மாத்திரை உண்ணும் நாம் மறக்க வேண்டாம்.

ஆகவே இந்த லெந்து நாள்களில் உங்களிடம் மூன்றைக் கேட்டுக்கொள்கிறேன். சர்க்கரை மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவு உபவாசம் எடுக்க வேண்டாம். கைப்பேசியையோ தொலைக்காட்சித் தொடரையோ விட்டு உபவாசியுங்கள். 2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது. அதைக் கொண்டுவரும் சகோதரியிடம் உங்கள் உணவு மாற்றத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். சபையார் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள்: நம் அன்பின் விருந்துகளில் கேசரிக்கும் இரண்டாம் கரண்டிச் சோற்றுக்கும் வற்புறுத்தாதிருங்கள். சுண்டலும் மோரும் வைப்போம். வேண்டாம் என்று சொல்லும் ஒருவரை, "ஒருநாள்தானே" என்று தளரச் செய்வதைவிட, அவரோடு சேர்ந்து நாமும் வேண்டாம் என்று சொல்வது மேலான அன்பு. தானியேலுக்கு மூவர் இருந்தார்கள். நம் சபையில் சர்க்கரையோடு போராடும் ஒவ்வொருவருக்கும் அப்படி மூவர் இருக்கட்டும்.

ஜெபிப்போம்: இரக்கமுள்ள பிதாவே, எங்கள் சரீரங்களைப் பொறுப்போடு காத்துக்கொள்ள ஞானம் தாரும். கேட்கும் தாழ்மையையும், காத்திருக்கும் பொறுமையையும், ஒருவரையொருவர் தாங்கும் அன்பையும் எங்களுக்கு அருளும். உப்பளத்திலும் கடலிலும் பாடுபடும் உம்முடைய பிள்ளைகளின் கால்களை இடறாமல் காத்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.